குடியிருக்கும் வீடும் கையில் இல்லாத காகிதமும்



உங்கள் வீட்டு அலுமாரியின் லாச்சியை ஒரு தடவை திறந்து பாருங்கள். நகைப் பெட்டி இருக்கும், பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் இருக்கும், கிளினிக் அட்டை இருக்கும். நீங்கள் குடியிருக்கும் வீட்டைப் பற்றி அதற்குள் என்ன இருக்கிறது? உறுதியா, வாடகைப் பற்றுச்சீட்டா, அரச அலுவலகம் ஒன்று தந்த கடிதமா, அல்லது ஒன்றுமே இல்லையா? இருக்கின்ற காகிதத்தில் யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது?

வீடு, காணி, வாடகை என்பதெல்லாம் ஆண்கள் பார்த்துக்கொள்ளும் விவகாரம் என்றே எமது குடும்பங்களில் இன்னும் பலர் நினைக்கிறார்கள். ஆனால் வீடு கைவிட்டுப் போகின்ற நாளில் பாத்திர பண்டங்களோடும் பிள்ளைகளோடும் வாசலில் நிற்பவள் பெண்தான். மார்க்கத் தீர்ப்புக் கேட்டு மௌலவிமாரிடம் வருகின்ற கேள்விகளைப் பாருங்கள். தலாக், இத்தா, வாரிசுப் பங்கீடு என்று ஆரம்பிக்கின்ற கேள்விகளில் பாதிக்கு மேல் வீட்டில் வந்துதான் முடிகின்றன. "கணவர் மௌத்தாகி இருபது நாள் ஆகிறது. வீட்டுக்காரர் வீட்டை விடச் சொல்கிறார். நான் இத்தாவை எங்கே இருப்பது?" என்று தாயோ சகோதரனோ மூலமாகக் கேட்டனுப்பும் பெண்கள் ஒருவர் இருவர் அல்லர். கணவன் விட்டுச்சென்ற வீட்டில் இருப்பதே முறை, நிர்ப்பந்தம் ஏற்பட்டால் பாதுகாப்பான வேறு வீட்டுக்குப் போகலாம் என்று மார்க்கச் சட்டத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வீட்டுக்காரர் அப்படிச் சொல்ல நாட்டுச் சட்டத்தில் அவருக்கு இடமுண்டா என்பதை அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அத்தோடு, இந்த நாட்டிலே வாடகை வீடும் ஏழைகளுக்கான அரசாங்க வீடும் ஏன் இவ்வளவு அருமையாகிப் போயின என்பதையும் கொஞ்சம் பார்ப்போம்.

வாடகையைக் கட்டுப்படுத்துகின்ற சட்டம் எமது நாட்டுக்குப் புதியதல்ல. இரண்டாவது உலகப் போர்க் காலத்திலே, 1942இல், முதலாவது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1948இல் இன்னொன்று வந்தது. இன்று எல்லோரும் "ரென்ட் அக்ட்" என்று சொல்வது 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தையே. அது குடியிருப்பவர் பக்கம் மிகவும் சாய்ந்த சட்டம். பழைய வரி மதிப்பீட்டை வைத்து வாடகைக்கு ஓர் உச்சவரம்பு போட்டது. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கக் கூடாது என்றது. நினைத்த நேரத்தில் வீட்டுக்காரர் எழுப்ப முடியாதபடி, சட்டத்தில் சொல்லப்பட்ட காரணங்கள் இருந்தால் மாத்திரமே நீதிமன்றம் போகலாம் என்றது. பிணக்குகளைத் தீர்க்க வாடகைச் சபைகளை அமைத்தது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் (நிலுவை விழுத்தி எழுப்புவதற்காக வேண்டுமென்றே வாங்காமல் விடுபவர்கள் அன்றும் இருந்தார்கள்) உள்ளூராட்சி மன்றத்தில் அதற்கென அதிகாரம் பெற்றவரிடம் கட்டிப் பற்றுச்சீட்டு எடுக்கலாம் என்றும் வழி வைத்தது.

பெண்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது அச்சட்டத்தின் 36ஆம் பிரிவு. குடியிருப்பாளர் இறந்துபோனால் வாடகை உரிமை அவரோடு செத்துப் போவதில்லை. அவருடைய மனைவியோ கணவனோ, பிள்ளையோ, பெற்றோரோ, உடன்பிறந்தவரோ, இறப்புக்கு முந்திய மூன்று மாதமும் அவரது குடும்பத்தில் ஒருவராக இருந்திருந்தால், குடியிருப்பாளரின் இடத்துக்கு வரலாம். ஒருவருக்கு மேற்பட்டோர் உரிமை கோரினால் வாடகைச் சபை தீர்மானிக்கும். கணவனின் பெயரில் பற்றுச்சீட்டு இருந்த வீட்டில் அவர் மௌத்தான பின்னர் விதவை வெறும் விருந்தாளி ஆகிவிடுவதில்லை என்பதே இதன் கருத்து. இதை அறியாமல், ஜனாஸா வீட்டுக்கு வந்த நாலு பெரியவர்களின் முன்னிலையில் "ஒரு மாதத்தில் விட்டுத் தருகிறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகின்ற சகோதரன்மாரையும் மாமன்மாரையும் என்னவென்று சொல்வது!

ஆனால் அவசரப்பட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். இந்தப் பாதுகாப்பு எல்லா வாடகை வீட்டுக்கும் கிடையாது. சட்டம் நடைமுறையிலுள்ள மாநகர, நகர எல்லைகளுக்குள்தான் அது செல்லும். அதிலும் 1980இல் ஒரு திருத்தம் வந்தது. அந்த ஆண்டுக்குப் பின்னர் புதிதாக வாடகைக்கு வந்த குடியிருப்பு வீடுகளில் பெரும்பாலானவற்றை அது கட்டுப்பாட்டுக்கு வெளியே எடுத்துவிட்டது. மருதானையிலோ புதுக்கடையிலோ உங்கள் மாமியார் கலியாணம் முடித்து வந்த காலத்திலிருந்து குடியிருக்கின்ற பழைய வீடு என்றால் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கக்கூடும். தெஹிவளையில் போன வருடம் அட்வான்ஸ் கொடுத்து எடுத்த மேல்மாடி வீடு என்றால் உங்களைக் காப்பது நீங்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் மாத்திரமே.

அந்த ஒப்பந்தத்தைத்தான் நாம் மிகவும் அலட்சியமாகச் செய்கிறோம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வீட்டைக் குத்தகைக்கு எடுப்பதாயின் அது நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் உள்ள சட்டம். முத்திரை ஒட்டிய ஒரு தாளில் இரண்டு பேர் கையெழுத்து வைத்து "இரண்டு வருடத்துக்கு" என்று எழுதிக்கொண்டால், அந்த இரண்டு வருடம் சட்டத்தின் கண்ணில் இரண்டு வருடமல்ல. மாதா மாதம் ஓடுகின்ற வாடகையாகவே அது கணிக்கப்படும். பல லட்சம் முற்பணத்தைக் கொடுத்துவிட்டு அப்படியான ஒரு தாளை நம்பி இருக்கும் குடும்பங்கள் எத்தனை! மறுபக்கம், நொத்தாரிசு முன்னிலையில் எழுதியவர்களும் வாசித்து விளங்கிக் கையெழுத்து வைக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த வீட்டைக் காலம் முடிந்ததும் விரைவாக மீட்டுக்கொள்ள உரிமையாளருக்குத் தனியான நடைமுறையை வகுத்திருக்கிறது. முன்னரைப் போல வழக்கு இருபது வருடம் இழுபடும், அதுவரை இருந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில் யாரும் இருக்க வேண்டாம்.

வீட்டுக்காரர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1972இல் வாடகை உறைந்து நின்றது, பொருள் விலை நிற்கவில்லை. மாதம் நாற்பது, ஐம்பது ரூபா வாடகை வாங்கிக்கொண்டு கூரை மாற்ற யாரால் முடியும்? அடுத்த ஆண்டு, 1973இல், வீட்டுச் சொத்துக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டமும் வந்தது. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை போடப்பட்டது. மேலதிகமான வீடுகள் தேசிய வீடமைப்பு ஆணையாளரிடம் சென்றன. குடியிருந்தவர்கள் அவற்றை வாங்கிக்கொள்ள வழி பிறந்தது. கொழும்பிலே வரிசை வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த முஸ்லிம் வியாபாரக் குடும்பங்கள் இழந்தன, அதே வரிசைகளில் கூலிக்கு இருந்த முஸ்லிம் குடும்பங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆயின. ஒரே ஜமாஅத்தில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுபவர்களில் ஒருவர் இச்சட்டத்தைத் திட்டுவதும் மற்றவர் அதற்காகத் துஆச் செய்வதும் அதனால்தான்.

ஆயினும் ஒரு விளைவு எல்லோருக்கும் பொதுவானது. வாடகைக்கு விடுவதற்கென்று வீடு கட்டும் வழக்கம் அத்தோடு அருகிப்போனது. கையில் காசு இருப்பவர் கடை கட்டினார், அல்லது வீட்டைப் பூட்டி வைத்தார். பழைய வீடுகள் திருத்தப்படாமல் இடிந்தன. குடியிருப்பவரைப் பாதுகாத்த அதே சட்டம் அவருடைய மகனுக்கு வாடகை வீடு கிடைக்காமல் செய்தது. தனியார் பின்வாங்கும்போது அந்த இடைவெளியை அரசாங்கம் நிரப்பியிருக்க வேண்டும். நிரப்பியதா?

கொஞ்சம் நிரப்பியது. 1954ஆம் ஆண்டின் தேசிய வீடமைப்புச் சட்டத்தின் பின்னர் அரசாங்கம் தானே வீடு கட்டி மாத வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியது. பம்பலப்பிட்டியிலும் மாளிகாவத்தையிலும் நீங்கள் காண்கின்ற பழைய "பிளாட்ஸ்"கள் அந்தக் காலத்தின் அடையாளங்கள். ஆனால் நாளடைவில் அந்த வீடுகளையும் குடியிருப்பவர்களுக்கே விற்றுவிடுவது கொள்கையாகிவிட்டது. வாங்கியவர்களுக்கு நன்மைதான், மறுக்கவில்லை. எனினும் அரசாங்கத்தின் கையில் இருந்த வாடகை வீடு ஒவ்வொன்றாகக் குறைந்தது. குறைந்த அளவுக்குப் புதியது கட்டப்படவில்லை. அடுத்த தலைமுறையின் ஏழைக்கு எதுவும் மிஞ்சவில்லை.

பின்னர் ஆர். பிரேமதாசவின் காலம். 1977இல் வீடமைப்பு அமைச்சரான அவர் வாழைத்தோட்டத்து மண்ணில் வளர்ந்தவர், தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர். 1978இல் ஒரு லட்சம் வீட்டுத் திட்டம் ஆரம்பமானது. அடுத்த ஆண்டு தேசிய வீடமைப்பு அதிகார சபை அமைந்தது. 1984இல் பத்து லட்சம் வீட்டுத் திட்டம். இந்த இரண்டாவது திட்டத்தில் ஒரு புதுமை இருந்தது. அரசாங்கம் கட்டிக்கொடுப்பதை விட்டு, மக்கள் தாமே கட்டுவதற்குச் சிறு கடனும் துண்டுக் காணியும் தொழில்நுட்ப உதவியும் கொடுப்பது. கொழும்பு வடக்கில் நவகம்புர அப்படி உருவானது. குடும்பத்துக்கு இரண்டு பேர்ச் அளவான நிலம். தோட்டத்து மக்களே கூடிப் பேசி, குறுக்கு வீதி எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, யாருக்கு எந்தத் துண்டு என்று தீர்மானித்தார்கள். இரண்டு பேர்ச்சில் என்ன கட்டலாம் என்று சிரிப்பவர்கள் அங்கே போய்ப் பார்க்கட்டும். மகன் கலியாணம் முடித்தால் ஒரு தட்டு, மகளுக்கு இன்னொரு தட்டு என்று மேலே எழும்பி, கீழே ஒரு சிறு கடையும் வைத்துக்கொண்டு வாழ்கின்ற குடும்பங்களைக் காணலாம். வீடு குடும்பத்தோடு சேர்ந்து வளர்ந்தது. இந்த நாட்டின் யோசனையை ஏற்றே ஐக்கிய நாடுகள் சபை 1987ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாகப் பிரகடனம் செய்தது என்பதைப் புதிய தலைமுறை அறியாது.

இத்திட்டத்திலும் குறையுண்டு. காணித் துண்டு எடுக்க முடிந்தவருக்குத்தான் வீடு. வாடகைக்கு இருந்தவர், ஒரு அறையில் ஒட்டிக்கொண்டிருந்தவர், கணக்கெடுப்பு நாளில் ஊரில் இல்லாதவர் ஆகியோர் வெளியே நின்றார்கள். அரசாங்கம் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், 1978 முதல் இன்றுவரை வீடமைப்பு என்றால் "சொந்த வீடு" என்ற ஒரே கருத்துத்தான். நியாயமான வாடகைக்கு ஒரு வீடு, விரும்பும்வரை நிம்மதியாக இருக்க ஒரு வீடு, என்ற எண்ணமே கொள்கையிலிருந்து மறைந்துவிட்டது.

இனி, இன்றைய மாடிவீடுகளுக்கு வருவோம். இங்கேதான் எமது சகோதரிகள் பலரின் வாழ்க்கை மாறியிருக்கிறது.

2001இல் வனாத்தமுல்லையில் சஹஸ்புர என்ற உயர்ந்த தொடர்மாடி 671 வீடுகளோடு திறக்கப்பட்டது. தோட்டங்களில் இருந்த மக்களை மேலே ஏற்றிவிட்டு, விடுபட்ட நிலத்தை விற்று, அந்தப் பணத்தில் இன்னும் மாடிகளைக் கட்டுவது என்பதே கணக்கு. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. கொழும்பு மாநகரில் ஏறத்தாழ 68,000 குடும்பங்கள் வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழ்வதாகவும், அவை நகரின் நிலத்தில் ஏறத்தாழ 9 சதவீதத்தை, அதாவது 900 ஏக்கர் அளவைப் பிடித்திருப்பதாகவும் கணக்கெடுக்கப்பட்டது. சகோதரிகளே, இந்தக் கணக்கை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். நகர மக்களில் பாதிப்பேர் அளவில் நகரின் பத்திலொரு பங்கு நிலத்தில்கூட இல்லை. இதைத்தான் "நிலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று பேசினார்கள்.

2010 மே மாதம் கொம்பனித்தெருவில் மியூஸ் வீதியின் வீடுகள் இராணுவத்தினரைக் கொண்டு இடிக்கப்பட்டன. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் குடிசைவாசிகள் அல்லர். உறுதி வைத்திருந்தவர்களும் வரி கட்டி வந்தவர்களும் இருந்தார்கள். அதன் பின்னர் ஜாவா லேன் போன்ற பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் எழுப்பப்பட்டன. 2013, 2014 அளவில் தெமட்டகொடையிலும் சாலமுல்லையிலும் மட்டக்குளியிலும் புதிய தொடர்மாடிகள் எழும்பின. வீட்டின் அளவு 400 முதல் 500 சதுர அடிக்குள். தோட்டத்தில் ஆயிரம் சதுர அடி மாடி வீடு வைத்திருந்தவருக்கும் அதே அளவு, ஓர் அறைக் குடிசைக்காரருக்கும் அதே அளவு. ஒரு கூரையின் கீழ் மூன்று குடும்பங்கள் இருந்தாலும் ஒரு வீட்டுக்கு ஒரு வீடு. போதாக்குறைக்கு, பல குடும்பங்களிடம் பத்து லட்சம் ரூபாவை மாதத் தவணையாக இருபது, முப்பது வருடத்தில் கட்டச் சொன்னார்கள். இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கிடைத்த வீட்டுக்குக் காசு கட்டுவது எந்தக் கணக்கில் சேரும் என்பது எனக்கு விளங்கவில்லை. தவணை கட்டியவர்களில் பலருக்கு ஆண்டுகள் கடந்தும் உறுதி கிடைக்கவில்லை.

நல்லது எதுவும் இல்லையா? உண்டு. பொதுக் குழாயில் வரிசையில் நின்ற பெண்ணுக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. தனியான மலசலகூடம் வந்தது. மழை பெய்தால் முழங்கால் அளவு வெள்ளம் என்ற பயம் போனது. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு பொது மலசலகூடத்துக்கு இரவில் துணைக்குப் போன தாய்மாரைக் கேளுங்கள், இதன் பெறுமதியைச் சொல்வார்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து வீடுகளைப் புதைத்ததை நினைத்தால், எல்லோரும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லவும் மனம் வராது.

ஆனால் மாடிவீட்டை வரைந்தவர்கள் அதில் சமைக்கப்போகும் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்! தோட்டத்தில் அதிகாலையில் இடியப்பம் அவித்து வாசலில் வைத்து விற்றாள், பின்னேரம் உடுப்புத் தைத்தாள். பத்தாம் மாடியில் வாசல் என்று ஒன்று இல்லை, இருண்ட ஒரு நடைபாதைதான் இருக்கிறது. விறகு எரிக்க முடியாது, காஸ் வாங்கியே ஆகவேண்டும். முன்பு இல்லாத மின்பட்டியலும் தண்ணீர் பில்லும் மாதா மாதம் வரும். பிள்ளையை விளையாட விட்டால் கண்ணில் படாது. லிப்ட் பழுதானால் முழங்கால் வருத்தக்காரி உம்மா கீழே இறங்குவது ஆஸ்பத்திரிக்குப் போகின்ற நாளில் மாத்திரம். மௌத் ஒன்று நடந்தால் சந்தூக்கை லிப்டுக்குள் வைக்க இடமில்லாமல் படிவழியே, ஒவ்வொரு திருப்பத்திலும் சரித்துச் சரித்து இறக்குவதைக் கண்டிருக்கிறேன். திட்டம் வரைகின்ற மேசையில் உட்கார்ந்தவர்கள் பிறப்பையும் நினைக்கவில்லை, இறப்பையும் நினைக்கவில்லை.

2024ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலே, கொழும்பில் இப்படியான அரச வீடுகளில் வாழும் 50,000 குடும்பங்களுக்கு முழு உரிமை கொடுப்பதாகவும், வாடகை அறவிடுவதை நிறுத்துவதாகவும் முன்மொழியப்பட்டது. கேட்பதற்கு மகிழ்ச்சியான செய்தி. இரண்டு விடயங்களை மாத்திரம் நீங்கள் விழிப்பாகப் பார்க்க வேண்டும். முதலாவது, உரிமை கைக்கு வந்தால் பராமரிப்பும் கைக்கு வரும். லிப்டும் தண்ணீர்த் தாங்கியும் கழிவுக் குழாயும் இனி உங்கள் பொறுப்பு. ஆதன முகாமைத்துவ அதிகார சபையின் சட்டப்படி முகாமைக் கூட்டு ஒன்று அமைத்து, மாதா மாதம் காசு சேர்க்கவேண்டும். சேர்க்காத தொடர்மாடியின் கதி என்னவென்று பழைய பிளாட்ஸ்களின் சுவரில் முளைத்த அரச மரங்கள் சொல்லும். இரண்டாவது, உறுதி யாருடைய பெயரில்?

இந்த இரண்டாவதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கிழக்கிலே நடந்தது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் அக்கரைப்பற்றிலும் வீடு பெண்ணின் சொத்து. தாய் வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை வந்து குடியேறுவார். (பெண்ணுக்கு இருப்பிடம் கொடுப்பது கணவனின் கடமை என்றிருக்க, வீடு இல்லாத பெண்ணுக்கு வரன் இல்லை என்று ஆக்கி வைத்திருக்கிறோமே, அந்தச் சீதனக் கொடுமை வேறு கதை. நாலு பெண்களைப் பெற்ற வாப்பா நாலு வீடு கட்டவேண்டியிருப்பதால் கிழக்கில் ஒரு பேர்ச் காணியின் விலை எங்கே போய் நிற்கிறது என்பதும் வேறு கதை.) 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று முதலில் தடை போட்டார்கள். கடலோரத்திலேயே நெருக்கியடித்து வாழ்ந்த ஊர்களுக்கு அது எப்படியிருக்கும்! பின்னர் புதிய இடங்களில் வீடும் காணியும் கொடுத்தபோது, "குடும்பத் தலைவர்" யார் என்று படிவத்தில் கேட்டார்கள். ஆணின் பெயர் எழுதப்பட்டது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுத அதிகாரிகள் பெரும்பாலும் இடம் கொடுக்கவில்லை. தாய்வழியில் தன்னுடையதாக இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோக, அதற்குப் பதிலாக வந்த வீடு கணவனுடையதானது. அதன்பின் தலாக் நடந்தால் யார் வெளியே போவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அரச காணி அனுமதிப் பத்திரங்களிலும் இதே கதைதான் நீண்ட காலம் இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையில் ஆண்பிள்ளையை முன்னுக்கு வைத்தது. 2022இல்தான் திருத்தினார்கள். 87 வருடம்!

சுனாமியைப் பற்றிப் பேசும்போது நுரைச்சோலையைச் சொல்லாமல் போக முடியாது. அம்பாறை மாவட்டத்திலே, சவூதி அரேபியாவின் நிதியில், வீடிழந்த மக்களுக்காக 500 வீடுகள் கட்டப்பட்டன. பாடசாலையும் ஆஸ்பத்திரியும் பள்ளிவாசலும் சேர்த்தே திட்டமிட்ட கிராமம் அது. பங்கீடு பற்றி வழக்குப் போடப்பட்டது. 2009இல் உயர் நீதிமன்றம் இன விகிதாசாரத்தின்படி பகிரவேண்டும் என்றது. அதன்பின் அந்த வீடுகள் யாருக்கும் போகாமல் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தன. கூரை ஓடு கழன்றது, யன்னல் களவு போனது, காடு முளைத்தது. வீட்டுக்குப் பணம் இல்லை என்பதுதான் எப்போதும் எமக்குச் சொல்லப்படும் காரணம். இங்கே பணம் இருந்தது, வீடும் இருந்தது, வீடற்றவரும் இருந்தார்.

வாடகை வீட்டில் இருப்பது ஓர் இழிவு என்று எமது சமூகத்தில் ஓர் எண்ணம். சம்பந்தம் பேசப் போனால் "சொந்த வீடா, கூலி வீடா?" என்பதுதான் முதற் கேள்வி. ஒஸ்ட்ரியாவின் தலைநகர் வியன்னாவில் மாநகர சபைக்குச் சொந்தமாக ஏறத்தாழ 220,000 வீடுகள் இருக்கின்றன. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் வசதியானவர்களின் வீடுகள் மீது வரி போட்டுக் கட்டத் தொடங்கியவை அவை. ஆசிரியரும் பஸ் சாரதியும் தாதியும் அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள், வாழ்நாள் முழுவதும் இருக்கிறார்கள். யாரும் தாழ்வாக நினைப்பதில்லை. எமது நாட்டில் இளம் தம்பதிகள், விதவைகள், தலாக் பெற்ற பெண்கள், தூர ஊரிலிருந்து வந்து ஆஸ்பத்திரியிலும் பாடசாலையிலும் வேலை பார்ப்பவர்கள் ஆகியோருக்கு இருபது வருடத் தவணை தேவையில்லை, அது அவர்களுக்கு முடியவும் முடியாது. வட்டிக் கடன் வேண்டாம் என்று ஒதுங்குகின்ற எமது குடும்பங்களுக்கும் நியாயமான வாடகைதானே வழி? அரசாங்கம் கட்டுகின்ற ஒவ்வொரு தொடர்மாடியிலும் இத்தனை வீடு வாடகைக்கு என்று ஒதுக்கினால் என்ன?

அரசாங்கத்தைச் சொல்லிவிட்டு நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. 1956ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டத்தின் கீழ் பதிவான பள்ளிவாசல்கள் பலவற்றுக்குக் காணியும் கட்டிடமும் உண்டு. வருமானத்துக்காகக் கட்டிடம் எழுப்பும்போது கீழ்மாடியிலிருந்து மேல்மாடிவரை கடையாகவே கட்டுகிறார்கள். மேலே நாலு வீட்டைக் கட்டி, ஊரிலுள்ள விதவைகளுக்குக் குறைந்த வாடகைக்கு விட்டால் பள்ளியின் வருமானம் கொஞ்சம் குறையும்தான். வக்ஃப் செய்த அந்தப் பெரியவர்கள் கடை வாடகையை மாத்திரம் நினைத்து எழுதி வைத்தார்களா என்பதை நம்பிக்கையாளர் சபைகள் யோசிக்கட்டும்.

வாடகைக்கு இருக்கும் தாய்மாருக்கு இன்னும் ஒன்று. முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்க விண்ணப்பம் போட்டவர்களுக்குத் தெரியும், பாடசாலை கேட்பது உறுதி, பதிவு செய்த குத்தகைப் பத்திரம், வாக்காளர் இடாப்பு. வீட்டுக்காரர்கள் பலர் "இடாப்பில் பெயர் போடக் கூடாது" என்ற நிபந்தனையோடுதான் வீட்டைக் கொடுக்கிறார்கள். அதற்குத் தலையாட்டிவிட்டு வருவது கணவன், ஐந்து வருடம் கழித்துப் பாடசாலை வாசலில் புள்ளி போதாமல் திரும்புவது தாயும் பிள்ளையும். அட்வான்ஸ் கொடுக்குமுன்னரே இதைப் பேசி முடியுங்கள். வாடகையை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மின்பட்டியல், தண்ணீர் பில், கிராம உத்தியோகத்தரின் கடிதம், பழைய பற்றுச்சீட்டு, எதையும் எறியாதீர்கள். போட்டோப் பிரதி எடுத்து உங்கள் உம்மாவின் வீட்டிலும் ஒன்றை வையுங்கள்.

மாடிவீடுகளில் இருப்பவர்கள், உரிமைப் பத்திரத்துக்குப் படிவம் நிரப்பும் நாளில் நீங்களும் கணவரோடு அலுவலகம் செல்லுங்கள். இருவர் பெயரையும் எழுதக் கேளுங்கள். எழுத முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை எழுத்தில் கேளுங்கள். முகாமைக் கூட்டங்களை இஷாவுக்குப் பின்னர் கீழ்மாடியில் ஆண்கள் மாத்திரம் கூடி நடத்துகின்ற வழக்கம் சில தொடர்மாடிகளில் இருக்கிறது. அதை ஞாயிறு பின்னேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். தண்ணீர் வராத நேரத்தையும் லிப்ட் நின்ற நேரத்தையும் கூட்டத்தில் இருக்கும் எவரையும் விட நீங்கள்தான் நன்றாக அறிவீர்கள்.